பொட்டலத் தாளில் வந்த வானம்

என் தாத்தா பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டம். அப்பா பிறந்தபோது சித்தூர் மாவட்டம். நான் பிறந்தபோது செங்கல்பட்டு. என் மகள் பிறந்தபோது திருவள்ளூர். நான்கு தலைமுறைக்கு நான்கு மாவட்டம். வீடு மட்டும் அதே வீடு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஊரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனோம். 1960 ஏப்ரல் 1 அன்று ஊரோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தோம். 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது.

ஊரைப் பற்றிய இந்தச் செய்தி நான் படித்த பாடப்புத்தகத்தில் இல்லை. சிந்துவெளி இருந்தது, பானிப்பட்டு இருந்தது, பிரெஞ்சுப் புரட்சி இருந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்த மண்ணின் கதை இல்லை. அதையும், அதைவிடப் பெரிய பல சங்கதிகளையும் எனக்குச் சொன்னவை பரீட்சைக்கு வராத புத்தகங்கள். அறிவியல், சரித்திரம், கணக்கு, சமூகம் என்று எல்லாவற்றையும் ஒன்றும் தெரியாத ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்கிற புத்தகங்கள். அவை ஒவ்வொன்றும் எந்த வழியாக எங்கள் மலைக்கோயில் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தன என்று இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன்.

முதல் வழி, எங்கள் கடை.

அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. தேங்காய், கற்பூரம், விபூதி, குங்குமம், சந்தன வில்லை, ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிச் சலங்கை. பொட்டலம் மடிக்கத் தாள் வேண்டும். அரக்கோணத்திலிருந்து பழைய பேப்பர் எடைக்கு வந்து இறங்கும். செய்தித்தாள் விபூதிக்கு ஆகாது, மசி ஒட்டும் என்பார் அப்பா. விபூதிக்குப் புத்தகத் தாள்தான். தாளை நாலாகக் கிழித்து, ஒரு துண்டைக் கூம்பாகச் சுருட்டி, அடி நுனியை உள்ளுக்கு மடக்கி, விபூதியைக் கொட்டி, வாயை மடித்துச் செருகுவார். ஒரு துளி சிந்தாது. பேசிக்கொண்டே செய்வார், கை தானாக ஓடும்.

அந்தக் கட்டுகளில் கல்லூரிப் புத்தகங்கள் வந்தன. 1960களில் அரசு, தமிழ் வெளியீட்டுக் கழகம் என்ற அமைப்பை வைத்துக் கல்லூரிப் பாடங்களையெல்லாம் தமிழில் எழுத வைத்தது. 1970இல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்த வேலையைத் தொடர்ந்து செய்தது. வானியல், விலங்கியல், புள்ளியியல், உளவியல், ஐரோப்பிய வரலாறு என்று நூற்றுக்கணக்கான நூல்கள். பேராசிரியர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, படம் வரைந்து எழுதியவை. அவற்றில் சில விபூதிப் பொட்டலமாகத் திருத்தணிக்கு வந்ததை நினைத்தால் இப்போது மனசு கேட்பதில்லை. ஆனால் அந்த வழியாக வராவிட்டால் எனக்கு அவை கிடைத்தே இருக்காது.

அப்பா படித்தது சித்தூர் ஜில்லாக் காலத்துத் தெலுங்குப் பள்ளிக்கூடம். கடைக் கணக்கைக் கடைசி வரை தெலுங்கில்தான் எழுதினார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அட்டை போட்ட புத்தகம் எது வந்தாலும், படம் போட்ட பக்கம் எது வந்தாலும், கிழிக்கிற கை நின்றுவிடும். “நைனா, இது உனக்கு வேணுமா பாரு” என்று கல்லாப் பெட்டிக்குப் பின்னால் எடுத்து வைப்பார். எனக்கு அமைந்த முதல் நூலகர் அவர்.

ஒரு நாள் அவர் எடுத்து வைத்தது ஒரே ஒரு தாள். அரைப் பக்கம் ஏற்கெனவே கிழிந்து யார் வீட்டுக்கோ விபூதியோடு போய்விட்டது. மீதி அரைப் பக்கத்தில் ஒரு படம். வட்டமாகவும் இல்லாமல் முட்டையாகவும் இல்லாமல் ஒரு வளையம். சூரியன் அதன் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. சூரியனிலிருந்து கோடு இழுத்து இரண்டு துண்டுகளைக் கறுப்புக் கோடுகளால் நிரப்பியிருந்தார்கள். ஒன்று குட்டையாக, அகலமாக. இன்னொன்று நீளமாக, ஒடுங்கி. இரண்டின் பரப்பும் சமம் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. ஏன் சமம், எதற்குச் சமம் என்பதெல்லாம் கிழிந்துபோன பாதியில்.

அந்தத் தாளை எங்கள் கணக்கு வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கெப்ளர்டா” என்றார். கரும்பலகையில் மறுபடி வரைந்தார். பூமி ஒரே வேகத்தில் சுற்றவில்லை, சூரியனுக்குக் கிட்டே வரும்போது வேகமாக ஓடும், எட்டப் போகும்போது தாமதிக்கும், அப்படி ஓடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது, சம காலத்தில் சம பரப்பு என்றார். கிட்டே வருவது எப்போது சார் என்று கேட்டேன். ஜனவரி முதல் வாரம் என்றார். அப்படியென்றால் ஜனவரியில்தானே வெயில் கொளுத்த வேண்டும் என்று வகுப்பே கேட்டது. அவர் சிரித்தார். அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்லாமல் மறுநாள் ஒரு உருண்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்தான் கோடையும் குளிரும், தூரத்தால் இல்லை என்று அந்த உருண்டையை வைத்துக் காட்டினார். அந்த மாதிரி ஆசிரியர்கள் அப்போது ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள்.

அவர்தான் எங்கள் மலைப்படியையும் கணக்காக்கியவர். தணிகை மலைக்கு 365 படி, ஆண்டுக்கு 365 நாள் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். “லீப் வருஷத்துக்கு என்னடா பண்ணுவீங்க?” என்று கேட்பார். அதிலிருந்து கால் நாள் கணக்குக்குப் போவார், அங்கிருந்து போப் கிரகோரி 1582இல் காலண்டரிலிருந்து பத்து நாளை எடுத்த கதைக்குப் போவார். பலாப்பழக் காலத்தில் கணக்கதிகாரத்தை எடுப்பார். காம்பைச் சுற்றியிருக்கும் முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரியும் என்கிறது அந்தப் பழைய நூல். ஒரு பழத்தை வாங்கி வந்து வகுப்பிலேயே அறுத்தார். கணக்கு உதைத்தது. ஏன் உதைத்தது என்று பேசினோம். ஒரு பழம் போதாது, பல பழம் அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மாதிரி எடுப்பது, சராசரி பார்ப்பது என்பதையெல்லாம் நான் முதலில் கற்றுக்கொண்டது அந்தச் சுளைகளில்.

இரண்டாவது வழி, புத்தக வண்டி. 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அப்போது சோவியத் நூல்களைத் தமிழ்நாடு முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. வேன் வந்து நின்று பக்கவாட்டுக் கதவைத் தூக்கினால் உள்ளே வரிசையாக மாஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகம், மீர், ராதுகா. ஒரு தேங்காய் விலைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம். அப்பா விலை கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார், நான் புத்தகத்தைப் பார்ப்பேன்.

‘பொழுதுபோக்கு பௌதிகம்’ அப்படி வந்தது. எழுதியவர் யா. பெரெல்மான். இன்றும் யாராவது அறிவியலைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். காகிதத்தால் பாத்திரம் செய்து அதில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தால் காகிதம் எரியாது, தண்ணீர்தான் கொதிக்கும் என்று ஓரிடத்தில் வருகிறது. எங்கள் கடையில் தாளுக்குப் பஞ்சமில்லை. கெட்டியான அட்டைத் தாளில் தொன்னை மாதிரி மடித்து, தண்ணீர் விட்டு, பம்ப் ஸ்டவ்வின் மேல் கம்பி வலை போட்டு வைத்தேன். “வீட்டைக் கொளுத்தப் போறியாடா?” என்று அம்மா ஓடி வந்தார். நீல நெருப்பு தாளின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. தாள் ஈரமாகி நிறம் மாறியது, ஓரத்தில் தண்ணீர் தொடாத விளிம்பு மட்டும் கருகிச் சுருண்டது. உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பின. பிறகு கொதித்தது. அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போகாது, தாள் பற்ற இருநூறு டிகிரிக்கு மேல் வேண்டும், நெருப்பு கொடுக்கிற சூட்டையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, “இன்னொரு தடவை வை, பார்க்கலாம்” என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

அதே புத்தகத்தில் ரோமக் கோட்டு உடம்பைச் சூடாக்குமா என்று ஒரு கேள்வி. திருத்தணியில் ரோமக் கோட்டை யார் பார்த்தார்கள்? ஆனால் சோடாக் கடையில் ஐஸ் பாளத்தை மரத்தூளுக்குள் புதைத்து, கோணியைப் போர்த்தி வைத்திருப்பார்கள். போர்வை சூடு தரும் என்றால் ஐஸ் ஏன் கரையவில்லை? போர்வை சூட்டைத் தருவதில்லை, இருப்பதைப் போகவிடாமலும் வெளியில் இருப்பதை வரவிடாமலும் தடுக்கிறது, அவ்வளவுதான். இது புரிந்த அன்று நான் சோடாக் கடைக்காரரிடம் போய் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது எங்க தாத்தாவுக்கே தெரியும் தம்பி, ஏன்னுதான் தெரியாது” என்றார்.

இன்னொரு கேள்வி: சூரியனைச் சுற்றும்போது நாம் பகலில் வேகமாகப் போகிறோமா, இரவிலா? பூமி சூரியனைச் சுற்றுவது நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். தன்னைத்தானே சுற்றுவதால் எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் நொடிக்கு அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம். நடுப்பகலில் இந்த இரண்டு வேகமும் எதிரெதிர்த் திசையில். நள்ளிரவில் ஒரே திசையில். ஆகவே நள்ளிரவில்தான் நாம் அதிக வேகத்தில் போகிறோம். இதையும் விபூதித் தாளில் வந்த கெப்ளரையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊரில் டிசம்பர் 31 இரவு படித்திருவிழா. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது. ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே ஏறுவார்கள். பூமி சூரியனை நெருங்கி மிக வேகமாக ஓடுகிற நாட்கள் அவை, அதிலும் நள்ளிரவு. ஆண்டிலேயே ஏறக்குறைய உச்ச வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் ஊரே படி ஏறிக்கொண்டிருக்கிறது. பஜனைக் கோஷ்டியோடு நானும் ஏறினேன். பக்தியில் ஒன்றும் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

பக்கத்து வீட்டில் தெலுங்குக்காரர்கள். அந்த வீட்டுப் பையனுக்கு அவன் மாமா திருப்பதியிலிருந்து புத்தகம் கொண்டுவருவார். ஆந்திரப் பக்கம் சோவியத் நூல்களை விற்றது விசாலாந்திரா. அவனிடமும் பெரெல்மான் இருந்தது, தெலுங்கில். படங்கள் அதே படங்கள். என் புத்தகத்தில் எனக்குப் புரியாததை அவன் புத்தகத்தில் அவன் படித்துச் சொல்வான், அவனுக்குப் புரியாததை நான். அம்புலிமாமாவும் சந்தமாமாவும் 1947இல் ஒரே கூரையின் கீழ் பிறந்த பத்திரிகைகள், அவற்றையும் இப்படித்தான் மாற்றி மாற்றிப் படித்தோம். எல்லை எங்கே போக வேண்டும் என்று பெரியவர்கள் அடித்துக்கொண்ட ஊரில், எங்களுக்குள் அந்தப் புத்தகங்களுக்கு எல்லையே இருந்ததில்லை.

பெரெல்மானைப் பற்றிப் பிற்பாடு தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நூலை அவர் முதலில் வெளியிட்டது 1913இல். 1942 மார்ச்சில், லெனின்கிராட் முற்றுகையில், பட்டினியால் செத்துப்போனார். முற்றுகைக்கு உள்ளே இருந்துகொண்டே போர்வீரர்களுக்குக் கருவியில்லாமல் திசையும் தூரமும் கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம் எடுத்திருக்கிறார். அம்மாவை அடுப்படியில் அசந்து நிற்க வைத்த மனிதர் அப்படிப் போயிருந்தார்.

அந்த நூல்களைத் தமிழாக்கியவர்களையும் சொல்ல வேண்டும். பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணையாவும் மாஸ்கோவில் தங்கியிருந்து மொழிபெயர்த்தவர்கள். பனியில் உட்கார்ந்து, அடிவாரத்துப் பையன் ஒருவனுக்காகத் தமிழ் எழுதினார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் கருத்து எழுதும்படி கேட்டு மாஸ்கோ, சூபவ்ஸ்கி புல்வார், 17 என்று முகவரி இருக்கும். ‘மனிதன் எங்ஙனம் பேராற்றல் மிக்கவன் ஆனான்’ படித்துவிட்டு எழுதினேன். இலீனும் செகாலும் சேர்ந்து எழுதிய நூல். மரத்திலிருந்து இறங்கிய மனிதன் கல்லை எடுத்ததிலிருந்து நாகரிகங்கள் எழுந்து விழுந்தது வரை சொல்லிக்கொண்டு போகும். அதைப் படித்தபின் வரலாறு எனக்கு ராஜாக்களின் பட்டியலாக இல்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, அந்த வழி அடைபட்டது.

நூலகம் மூன்றாவது வழி. சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வரியோடு நூலகத்துக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். ஆகவே அங்கே இருந்த ஒவ்வொரு புத்தகத்திலும் எங்கள் தெருக்காரர்களின் காசு இருந்தது. கலைக்களஞ்சியத்தை இரவல் தரமாட்டார்கள், உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். தி.சு. அவிநாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், 1954இலிருந்து 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தையும், 1968இலிருந்து 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் கொண்டுவந்தது. அகர வரிசையில் அணிலைத் தாண்டினால் அணு. யாரும் எனக்கு இதைப் படி, அதைப் படிக்காதே என்று சொல்லவில்லை. தேடிப் போனது ஒன்றாக இருக்கும், படித்துவிட்டு எழுந்தது வேறாக இருக்கும்.

இரண்டு கலைக்களஞ்சியங்களுக்கும் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். மலைக்கோயில் ஒலிபெருக்கியில் காலையிலும் மாலையிலும் முருகன் பாட்டு வரும். அதில் பெரியசாமித் தூரனின் கீர்த்தனைகளும் வரும். அந்தத் தூரனும் இந்தத் தூரனும் ஒருவரே என்று தெரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது. முருகனை உருகி எழுதிய கையே பரிணாமத்துக்கும் அணுப் பிளவுக்கும் ஆள்தேடிக் கட்டுரை வாங்கி, திருத்தி, இரண்டு வரிசைகளையும் சேர்த்து இருபது ஆண்டுக்கு மேல் அந்த வேலையில் கிடந்தது. அவருக்கும் முன்னால், வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே 1917இல் தமிழில் அறிவியல் எழுதத் தொடங்கிய பெ.நா. அப்புசாமி இருக்கிறார். தமிழில் சொல்ல முடியுமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எழுதினார்கள்.

சரித்திரத்துக்கு வருகிறேன். நந்தி ஆற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. மலைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே போவதில்லை. நாங்கள் அதன் பக்கம் விளையாடியிருக்கிறோம், கோயிலின் பின்பக்கம் வளைந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம், அதற்குமேல் ஒன்றும் தோன்றியதில்லை. நூலகத்தில் மா. இராசமாணிக்கனாரின் ‘பல்லவர் வரலாறு’ கிடைத்தது. கடைசிப் பல்லவ அரசன் அபராசிதவர்மனைப் பற்றிப் படித்துவிட்டுத் தமிழாசிரியரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். அந்த வளைவுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர் சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அபராசிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கல்லால் எடுப்பித்த கோயில் அது. அதைப் பற்றி அரசனே ஒரு வெண்பா பாடியிருக்கிறான்; அவன் பாடியது என்று கல்வெட்டே சொல்கிறது. கல்லில் எழுத்தைத் தடவிக் காட்டினார். பிறகு கொஞ்ச காலத்தில் ஆதித்த சோழனிடம் அபராசிதன் தோற்றான், பல்லவர் ஆட்சி முடிந்தது. கட்டுரை நோட்டில் ஒரு வரியாக எழுதிப் பரீட்சையில் ஒரு மார்க் வாங்கிய ராஜவம்சத்தின் கடைசி மனிதன், எங்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வெண்பா பாடியிருக்கலாம்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’. பர்மாவிலிருந்து போர்க்காலத்தில் நடந்தே திரும்பிய அந்த மனிதர், ஏதென்ஸையும் சீனாவையும் தமிழ் வாசகனின் திண்ணைக்குக் கொண்டுவந்தார். ராகுல சாங்கிருத்தியாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’, கண. முத்தையா தமிழில். பிறகு நேருவின் ‘உலக சரித்திரம்’. 1930 அக்டோபரிலிருந்து 1933 ஆகஸ்டு வரை பெரும்பாலும் சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய 196 கடிதங்கள். பக்கத்தில் நூலகம் கிடையாது, எடுத்து வைத்திருந்த குறிப்புகளும் ஞாபகமும்தான். தமிழாக்கியவர் ஓ.வி. அளகேசன். பெயரைப் பார்த்ததும் அப்பா, “நம்ம எம்.பி.டா!” என்றார். ஆமாம், 1971 தேர்தலில் திருத்தணித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் அவர். நாங்கள் சுவரில் பார்த்த பெயர், சுமேரியாவையும் மங்கோலியாவையும் எங்களுக்குத் தமிழில் தந்த பெயர். ஊருக்குப் பாலம் கேட்டும் ரயில் கேட்டும் மனுக் கொடுப்பார்கள் எம்.பி.யிடம். கேட்காமலே உலக சரித்திரம் கொடுத்த எம்.பி. எங்களுக்கு வாய்த்தார்.

எல்லைக் கதையைச் சொன்னது ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’. மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் இந்தப் பக்கத்துத் தமிழர்களிடையே செய்த வேலையையும், பிறகு நடந்த மாநாடுகளையும் மறியல்களையும் அதில்தான் படித்தேன். அப்பாவிடம் கேட்டால், “ரெண்டு பக்கமும் நம்ம ஜனந்தான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். புத்தகம் ஒரு நியாயத்தைச் சொன்னது, பக்கத்து வீட்டில் அவர்கள் நியாயம் இருந்தது. இரண்டையும் கேட்டுக்கொண்டு வளர்ந்ததை நான் பெரிய படிப்பாக நினைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ம.பொ.சி. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்தே அறிஞரானவர். எங்கள் ரயில் போய் நிற்கிற சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் மூர் மார்க்கெட். கடைச் சரக்கு வாங்க அப்பாவோடு போகும்போதெல்லாம் பழைய புத்தக வரிசையில் ஒரு சுற்றுச் சுற்றாமல் திரும்பியதில்லை. 1985 மே மாதம் அது எரிந்தது. அப்பா செய்தித்தாளை வாங்கிக் கல்லாவில் வைத்துவிட்டு அன்று முழுக்க அதைப் பொட்டலத்துக்குக் கிழிக்கவில்லை.

கடையை நான் பார்க்க ஆரம்பித்த பிறகு மாலை நேரங்களில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அறிவொளி வகுப்புக்குப் போனேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987இலிருந்து வந்துகொண்டிருந்தது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே எழுந்தபோது எங்கள் தெருவிலும் கரண்டியோடு வரிசை நின்றது. நான் யாரையும் பழிக்கவில்லை. கடையிலிருந்த கல் குழவியின் மேல் ஒரு கரண்டிப் பாலைத் தொட்டுப் பிடித்துக் காட்டினேன், குழவியும் குடித்தது. பரப்பு இழுவிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், கோபப்பட்டவர்களும் இருந்து கேட்டார்கள். அடுத்த மாதமே, அக்டோபர் 24 காலையில், சூரிய கிரகணம். கோயில் நடை சாத்தியிருந்தது. அடிவாரம் வெறிச்சென்று கிடந்தது. புங்கமரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றும் பிறையாக இருந்தன. வகுப்புக்கு வரும் பெண்கள் சிலர் மட்டும் தைரியமாக வந்து அதைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி குனிந்து ஒரு பிறையைப் புறங்கையில் ஏந்திப் பார்த்தார்.

அந்தப் புத்தக வேன் இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை. கணக்கு வாத்தியாரும் தமிழாசிரியரும் அப்பாவும் இல்லை. பொட்டலத்துக்குப் பிளாஸ்டிக் பை வந்துவிட்டது. ஊரில் புத்தகம் என்று கேட்டால் குரூப் 4 வழிகாட்டியும் நீட் வினா வங்கியும் கிடைக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் தெருவிலேயே அவற்றைப் படித்து வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கேள்விகள் நான்கு விடைகளோடு சேர்ந்தே வருகின்றன. ஐஸ் ஏன் கரையவில்லை என்று சோடாக் கடையைப் பார்த்துக் கேட்க வைக்கிற புத்தகம் அவர்களுக்கும் வேண்டும். அதை எழுத, மொழிபெயர்க்க, மலிவாக அச்சிட்டு அடிவாரம் வரை கொண்டுவர அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள், அரசு இருந்தது, இயக்கம் இருந்தது. இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கொண்டுவந்து சேர்க்கிற கைதான் குறைந்துவிட்டது.

இரண்டு கலைக்களஞ்சியங்களையும் அந்தக் கல்லூரி நூல்களில் பலவற்றையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. கைப்பேசி இருக்கிற யாரும் இன்றிரவே திறக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தமிழ் அறிவியல் நூலோ மாஸ்கோ அச்சோ கல்லூரிப் பாடநூலோ கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சு நூல்களைக் காப்பதே அவர்கள் வேலை. கொடுக்கும் முன் ஒரு தடவை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் காட்டி, வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.